திறக்காத கதவு

அமெரிக்காவின் ஒஹாயோவில் வெண்டெல் ‘மஸில் கார்’ எனப்படும் தன் பழைய அதிவேகக் காரில் ஓட்டுநர் பக்கக் கதவைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்த துருப்பிடித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை வைத்துப் பார்த்தார்.

“முதல்ல கதவை மாட்டிப் பாரு, அப்புறமா வெல்டு வை,” என்றாள் மனைவி லுவேன்.

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்றபடி வெல்டு வைத்தார். பிறகு கதவை மாட்டி மூடினார். அது தகட்டில் இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை.

ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “கார் பந்தயக்காரனெல்லாம் ஜன்னல் வழியாத்தான் ஏறுவான்,” என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு ஓட்டிப் போனார்.

இறங்கும்போது தொப்பை ஜன்னலில் மாட்டிக்கொண்டது. பாதிரியாரே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

“என்னம்மா ஆச்சு இவருக்கு?”

லுவேன் தன் பக்கக் கதவு வழியாக உருளைக்கிழங்கு சாலட்டோடு நிதானமாக இறங்கினாள். “ஒண்ணுமில்ல ஃபாதர், பந்தயத்துல ஜெயிச்சிட்டாரு.”

மறுநாள் வெண்டெல் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொள்ள அவளையே கூப்பிட்டார்.