ஆயிரத்து அறுநூறு அரைகுறை வத்திகள்

தேவராஜ மொஹல்லாவில் பர்னபாஸின் மெழுகுவத்திப் பட்டறைக்கு இரண்டு கூடங்கள். ஒன்றுக்குத் தேவம்மா மேஸ்திரி, மற்றதற்கு மாரக்காள். இரண்டிலும் ஆறாறு பேர், ஒரே கூலி. கம்பியில் தொங்கும் திரியை உருக்கிய மெழுகில் பத்துத் தடவை முக்கி எடுத்தால்தான் ஒரு வத்தி முழுசாகும்.

1954 மார்ச்சிலிருந்து மாதாமாதம் நடக்கும்படி பர்னபாஸ் ஒரு பந்தயம் வைத்தார். எந்தக் கூடத்து வத்திக்கு அடக்கவிலை குறைவோ, அவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு சனிக்கிழமை லீவு.

மாதக் கடைசியில் பெட்டிகளை எண்ணினார். மாரக்காள் கூடம் ஆறாயிரம். ஒன்றாந்தேதியும் சரி, இப்போதும் சரி, கம்பியில் அரைகுறையாக எதுவும் இல்லை. தேவம்மா கூடம் ஐயாயிரத்து நானூறு.

"கூலி ஒண்ணுதான், வத்தி கம்மி. உன் வத்திதான் விலை ஜாஸ்தி தேவம்மா," என்றார்.

தேவம்மாவுக்குச் சுருக்கென்றது. நேரே கணக்கெழுதும் மோலியிடம் போனாள்.

"அம்மிணி, என்ற கம்பியில ஆயிரத்தறநூறு வத்தி அஞ்சு முக்குல தொங்குது. மெழுகு அதும்பாட்டுக்கு வந்து ஏறிக்கிச்சா?"

மோலி பேனாவை எடுத்தாள். "அஞ்சு முக்குன்னா பாதி வேலை. அப்போ அது எண்ணூறு முழு வத்திக்குச் சமம்க்கா. மொத்தம் ஆறாயிரத்து இருநூறு!"

பர்னபாஸ் இரண்டு தடவை கூட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். கூடமே கும்மாளம் போட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்பதுவரை பேச்சு வளர்ந்துவிட்டது.

தேவம்மாவுக்கு அப்போதுதான் ஒன்றாந்தேதி காலை ஞாபகம் வந்தது. அன்றைக்கே கம்பியில் அறுநூறு வத்தி தொங்கியது, பிப்ரவரியிலேயே ஐந்து முக்கு முடிந்தவை. அதை யாரும் கேட்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி மோலியிடம் போனாள்.

"அம்மிணி, ஒண்ணாந்தேதியே கம்பியில அறுநூறு தொங்குச்சு. அதுல பாதி வேலை போன மாசத்துது. கழிக்கோணுமா?"

மோலியின் முகம் சுண்டியது. "கழிக்கணும்தான்க்கா. முந்நூறு போயிடும்."

மிஞ்சியது ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். நூறு வத்தியில் லீவு கைநழுவியது.

அந்தச் சனிக்கிழமை மாரக்காள் கூடம் ஊர்சுற்றப் போக, தேவம்மா கூடம் மெழுகு முக்கியது. "அக்கா வாய் சும்மா இருந்திருந்தா இந்நேரம் காவேரியில குளிச்சிட்டிருப்போம்," என்று கூடத்தில் வேலை செய்யும் பழனி நாள் முழுக்கக் கிண்டலடித்தான்.

திங்கட்கிழமை மாரக்காள் ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் கொண்டுவந்து நீட்டினாள். "கம்பியில நின்ன ஆயிரத்தறநூறுக்கு இந்த மாசம் உனக்கு எண்ணூறு கழியுமாமே, தேவி?"

"கழியட்டும்," என்று தேவம்மா ஒரு கை அள்ளிக்கொண்டாள். "எண்ணூறையும் சேத்து முக்கிக் காட்டறேன், பாரு."