நாலாவது வாசகம்

வாசகத்தில் பாதி போனதும் அடைக்கலமேரி நிறுத்திவிட்டாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, முதல் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"மதினி, இத நான் வாசிக்க மாட்டேன்."

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில், ஒத்திகையில் வந்து இப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? ஆவூர்க் கோயிலில் வாசகர்களைப் பழக்குகிற வேலை என்னுடையது. அன்று ராத்திரி ஈஸ்டர் திருவிழிப்புப் பூசைக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகம். உலகம் உண்டாகும், ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்குவார், கடல் பிளந்து வழிவிடும், கடைசியில் கல் நெஞ்சை எடுத்துவிட்டுச் சதை நெஞ்சு வைப்பதாகச் சொல்லி முடியும். என்னைக் கேட்டால் ஏழும் ஒரே கதைதான். ஜனங்கள் கெட்டுப்போவார்கள், கடவுள் கோபித்துக்கொள்வார், அப்புறம் மனசு கேட்காமல் அவரே தேடி வருவார். நாலாவதில் அவர் புருஷன் மாதிரிப் பேசுகிறார். நொடிப்பொழுது உன்னைக் கைவிட்டேன், இரக்கத்தோடு திரும்ப அழைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

அதைத்தான் அடைக்கலமேரிக்குக் கொடுத்திருந்தேன். திட்டம் போட்டுக் கொடுத்ததாக ஊரே பேசுகிறது. சத்தியமாக இல்லை. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்றே எல்லாருக்கும் பங்கிட்டாயிற்று. மலேசியாவுக்குப் போய், போன்கூடப் பண்ணாமல் தொலைந்துபோன அவள் புருஷன், என் தம்பி சூசைராஜ், குருத்து ஞாயிறன்று ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பான் என்று நான் கனவா கண்டேன்? அவனுக்குச் சோறு போடுகிறேன். ஆனால் அவன் போகவேண்டிய வீடு எதிர்ச்சாரியில் இருக்கிறது. ஒரு வாரமாக அந்தக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

"நொடிப்பொழுதாம்ல!" என்றாள். "எம்மவ வயசுக்கு வந்தப்ப ஒரு போன் இல்ல. அவ நர்சிங் சேந்தப்ப ஒரு போன் இல்ல. உசுரோட இருக்காரா செத்தாரான்னு தெரியாம நான் பொட்டு வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். இதுவா நொடி?"

சத்தம் கேட்டு சாமியார் பலிபீடத்துப் பக்கமிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர், வம்பு பிடிக்காது. "வேணாம்மா. இந்த வருசம் வாசகத்தைக் குறைச்சுக்குவோம். கடல் பிளக்குறத விடமுடியாது. நாலாவதை விட்டுடலாம்" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவளுக்கு இல்லை. முகம் சிவந்துவிட்டது.

"விடவேணாம் சாமி. அதச் சொல்ற வாய் எது? விட்டுட்டுப் போன வாய்தான? அப்ப அவர வந்து வாசிக்கச் சொல்லுங்க. ஊருக்கு முன்னாடி நின்னு சொல்லட்டும்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அப்படின்னா முதல்ல எங்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணட்டும்" என்றார் கடைசியில்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சூசைராஜ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா, அவ என்னைய அசிங்கப்படுத்தப் பாக்குறா" என்றான்.

"படுடா. அவ படாததா? இப்பவும் மாட்டேன்னா பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு. எனக்கு அவ மொகத்துல முழிக்கணும்."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டிலிருந்து வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அடைக்கலமேரி தூணோரம் உட்கார்ந்திருந்தாள், பார்க்காத மாதிரி.

எங்கள் மைக் ஸ்டாண்டுக்குத் திருகு தேய்ந்துபோயிற்று. உயர்த்தினால் சர்ரென்று இறங்கிவிடும். அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும். என் தம்பியோ பனைமரம். ராத்திரிக்கு முன்னால் ஒருதரம் வாசித்துப் பார்க்கச் சொன்னேன், குனிந்துதான் வாசித்தான். சவுண்டு சர்வீஸ்காரன் டீ குடிக்கப் போனவன் வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் சுவிட்சை அணைக்காமல் போயிருந்தான். தம்பியின் குரல் தெருவெல்லாம் கேட்டது. அணைக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன், கேட்கட்டும்.

அந்த வரி வந்ததும் அவன் நின்றான். வெளியே யாரோ பைக்கை நிறுத்தினார்கள்.

"ரொம்பக் காலம்" என்றான். "ரொம்பக் காலம் உன்னைக் கைவிட்டேன்." வாசிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டான். சாமியார் திருத்தவில்லை.

அடைக்கலமேரி எழுந்தாள். வாசலுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் படியேறி அவன் பக்கத்தில் போய் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதியிருக்கத வாசிங்க."

வந்ததிலிருந்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. தெருவுக்கும் கேட்டது.

"நொடின்னு எப்பிடிச் சொல்றது மேரி?"

"சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

மைக்கை அவன் வாய் உயரத்துக்குத் தூக்கினாள். அது இறங்கப் பார்த்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து வாசிக்க ஆரம்பித்தான். வாசகம் நீளமானது. அது முடிகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.