எல்லாம் கொள்ளும் பேக்

பாஹிம் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தது ஒரு பேக். முதுகில் மாட்டுகிற பெரிய பேக். அவன் என் மூத்த மகள் நிஸ்றாவின் மகன், தன் தங்கச்சி நுஸ்ராவின் கலியாணத்துக்காக வந்தவன். சென்ட், சவர்க்காரம், பால்மா என்று எல்லோருக்கும் பங்கு பிரித்து முடித்துவிட்டு, கடைசியில்தான் அந்தப் பெரிய பொலித்தீன் உறையைத் தூக்கி என் மடியில் வைத்தான். என் மூன்று மகள்மாரும் சுற்றி நின்றார்கள். மூவரும் சேர்ந்து சொல்லியனுப்பித்தான் இது வந்திருக்கிறது என்று அவர்களுடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

பேக் பார்க்க எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. காத்தான்குடி அசனார் என்றால் சாரன் துணி மூட்டையும் கூடவே ஞாபகம் வரும். அந்த மூட்டையோடு ஊர் ஊராய்ப் போய் வியாபாரம் செய்தவன் நான். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் சம்பளம் கொடுக்கிற நாளில் வாசலில் நின்று விற்றிருக்கிறேன். கதிரவெளிக்குப் போகிற பஸ் பாதி வழியில் மக்கர் பண்ணினால் மிச்சத் தூரத்தை மூட்டையோடு நடந்தே தீர்த்திருக்கிறேன். முதுகுக்கும் பாரத்துக்கும் இடையில் உள்ள வழக்கு என்னவென்று எனக்குத் தெரியும். ஆகவே எல்லோரையும் காக்க வைத்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் உறையைப் பிரித்தேன்.

முதலில் பார்த்தது தோள்பட்டி தைத்திருந்த இடத்தை. பேக் பிய்ந்தால் அங்கேதான் பிய்யும். இரண்டு கையாலும் இழுத்தேன். குறுக்கும் நெடுக்குமாய்த் தைத்து, அதற்குமேல் இன்னொரு துணி வைத்து மறுபடியும் தைத்திருந்தார்கள். பட்டி நல்ல அகலம். அமுக்கினால் அமுங்கி, விட்டதும் எழும்பியது. முதுகு படுகிற பக்கம் வலைத்துணி, நடுவில் காற்றுப் போக வழி. ஒன்றும் பிழை சொல்ல முடியாமல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. நிஸ்றாவிடம் அரிசிப் பையைக் கொண்டுவரச் சொல்லி, அதை உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பினேன். பாரம் தோளைப் பிடித்து இழுக்காமல் முதுகோடு ஒட்டி நின்றது. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் எனக்கு இந்தக் கூன் விழுந்திருக்காது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பொக்கட்டுகளைப் பாஹிம் ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டினான். ஒரு பக்கம் தண்ணீர்ப் போத்தலுக்கு, மறுபக்கம் குடைக்கு. முன்னால் இருந்ததில் என் பிறசர்க் குளிசையும் கண்ணாடியும் போய், இன்னும் இடம் கிடந்தது. கம்பியூட்டர் வைக்கிற இடம் என்று பஞ்சு வைத்த ஓர் அறை இருந்தது. நான் தொழுகிற முசல்லா விரிப்பை மடித்து அதற்குள் விட்டேன், அளவெடுத்துத் தைத்தது போல் போய் உட்கார்ந்தது. கடைசியாக, முதுகு படுகிற பக்கத்தில், வெளியே தெரியாமல் ஒரு சிறிய பொக்கட். பாஸ்போட்டைக் கள்ளன் எடுக்காமல் இருக்க என்றான். என் பாஸ்போட்டை எந்தக் கள்ளன் எடுத்து எங்கே போகப்போகிறான் என்று கேட்டேன்.

அப்போது என் இரண்டாவது மகள் ஸுஹைனா சொன்னாள்: "இனி உங்கட சாமான் ஒண்டும் ஒரு இடத்திலயும் விடுபடாது வாப்பா. எல்லாம் இதுக்குள்ள கொள்ளும்."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். நானும் அப்படி என் மனைவி றஸீனாவின் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன்தான். நிஸ்றாவுக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்தோம். ஸுஹைனாவுக்கு ஏறாவூரிலும் கடைசி மகள் அகீலாவுக்கு ஓட்டமாவடியிலும் காணி வாங்கி வீடு கட்டினேன். மூன்று வீடு கொடுத்த மனிசன் என்று பள்ளிவாசலில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். நான் பிறந்த வீடு என் தங்கச்சிக்குப் போய்விட்டது, வந்த வீடு மகளுக்குப் போய்விட்டது. ஆம்பிளைக்கென்று ஒரு வீடு எங்கே இருக்கிறது என்று பெருமை பேசுகிறவர்கள் கேட்பதில்லை.

றஸீனா இருக்கும்வரை எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. நிஸ்றா வீட்டுப் பக்கத்தறை எங்களுக்கு இருந்தது. அவள் மௌத்தான பிறகு மூன்று மகள்மாரும் என்னை வைத்துக்கொள்ளப் போட்டி போட்டார்கள். ஒருத்திக்குச் சம்மதித்தால் மற்ற இரண்டு பேரும் அழுவார்கள். அப்படித்தான் இந்தச் சுற்று தொடங்கியது. காத்தான்குடியில் கொஞ்ச நாள், ஏறாவூரில் கொஞ்ச நாள், ஓட்டமாவடியில் கொஞ்ச நாள். போகிற இடமெல்லாம் எனக்குப் பிடித்த கறிதான். மருமகன்மார் என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவார்கள். எழும்பாமல் இருந்தால் நானும் அந்த வீட்டு ஆள் என்று தோன்றும், அவர்களுக்கு அது தெரியாது.

பழைய பேக் மிகச் சின்னது, சிப்பும் பழுது. இரண்டு சாரனும் ஒரு சேட்டும் வைத்தால் வாயைப் பிளக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது விட்டுவிட்டுத்தான் போவேன். ஸுஹைனா வீட்டுக் கொடியில் ஒரு சாரன், குளியலறையில் என் பிரஷ். அகீலா வீட்டில் குடையும் ரேடியோவும். அவர்கள் போன் எடுத்துச் சொன்னால், ஐயோ மறந்துவிட்டேன் என்பேன். உண்மையில் நான் ஒன்றையும் மறக்கவில்லை. நான் இல்லாத நாளிலும் என் சாரன் அந்தக் கொடியில் காய்ந்தால், அது எனக்கும் வீடுதான் என்று ஒரு எண்ணம். வாய் திறந்து கேட்க முடியாததை மறதி என்று சொல்லி எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு தடவை குளிசையையும் காத்தான்குடியிலேயே விட்டுவிட்டேன், அது மட்டும் நிசமான மறதி. ஏறாவூர்ப் பள்ளிவாசலில் தொழப்போக முந்திக் கைகால் கழுவி வுழூ எடுக்கிற இடத்தில் தலை சுற்றி விழுந்தேன். மகள்மார் பயந்துபோனார்கள். வாப்பாவுக்கு மறதி கூடிவிட்டது என்று மூவரும் கூடிப் பேசித்தான் இந்தப் பேக்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

சாரன், குடை, ரேடியோ எல்லாம் போகட்டும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பக்கத்தறைச் சுவரில் ஒரு ஆணி. அதில் றஸீனாவின் தஸ்பீஹ் மணி தொங்கியது. சுபஹு தொழுதுவிட்டு ஓதி முடித்ததும் அவள் கையாலேயே அதில் மாட்டுவாள், கடைசியாக மாட்டியதும் அவள்தான். அதற்குப் பிறகு நான் அதை எடுக்கவேயில்லை. எங்கே படுத்தாலும், கண்ணை மூடும்போது அது அங்கே தொங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதுவரைக்கும் நான் அந்த வீட்டிலிருந்து போகவில்லை என்றுதான் எனக்குக் கணக்கு.

இப்போது அந்த அறை நுஸ்ராவுக்கும் அவள் மாப்பிள்ளைக்கும். வீடும் இனி அவளுக்குத்தான். அது நியாயம், நானே செய்த நியாயம். பெயின்ற் அடிக்க ஆள் வரப்போகிறது என்று நிஸ்றா சொன்னாள். அந்த ஆணியை மட்டும் விட்டுவையுங்கள் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். கொடுத்த வீட்டில் ஒரு மூலை கேட்பது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி. எங்கள் ஊரில் எந்த வாப்பாவும் அதைச் செய்யமாட்டான். றஸீனாவுக்கும் அது பிடிக்காது.

புதுப் பேக்கில் எல்லாவற்றையும் அடுக்கினேன். மணியை மட்டும் ஆணியில் விட்டேன். நிஸ்றா பார்த்தால் எடுத்துப் பத்திரமாய் வைத்து, பெயின்ற் காய்ந்ததும் மறுபடி மாட்டுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கலியாணத்துக்கு முதல்நாள் வருகிறேன் என்று சொல்லி ஏறாவூருக்குப் பஸ் ஏறினேன்.

ஸுஹைனா நான் போவதற்கு முந்தியே சாரனைத் தோய்த்து மடித்து, பிரஷை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் பேக்குக்குள் போயிற்று. நான் போகிற அன்று, பிடிவாதமாக ஒரு சாரனைக் கொடியில் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது அவள் மாப்பிள்ளை றிஸ்லான் மோட்டார் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சாரனை மடித்துப் பேக்கில் வைத்து, சிப்பை இழுத்துவிட்டு, இதுக்குள்ள இன்னும் எவ்வளவு இடம் கிடக்கு மாமா என்று ஆச்சரியப்பட்டார். நல்ல பிள்ளை. அன்றைக்கு அவரைக் கண்டாலே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அகீலா வீட்டிலும் அதே கதைதான். குடை பக்கப் பொக்கட்டில், ரேடியோ முன் பொக்கட்டில். அவள் பேக்கைத் தூக்கிப் பார்த்து, வாப்பாவின் வீடே இதற்குள் இருக்கிறது என்று பகிடியாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடையாள அட்டையை வைக்கலாமென்று முதுகுப் பக்கத்துக் கள்ளப் பொக்கட்டைத் திறந்தேன். விரலில் மணி தட்டுப்பட்டது. ஒரு வெள்ளைக் கைலேஞ்சியில் பக்குவமாய்ச் சுற்றி, கைலேஞ்சிக்குச் சென்ட்டும் போட்டு வைத்திருந்தாள். நிஸ்றாதான். அவளுக்குத்தான் உம்மாவின் கை.

காத்தான்குடியிலிருந்து இவ்வளவு தூரமும் அதை முதுகில் சுமந்துகொண்டு, அது சுவரில் தொங்குகிறது என்று நினைத்துத் தூங்கியிருக்கிறேன். பிறகு நிஸ்றாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் சுவர் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"புள்ள, உம்மாட தஸ்பீஹ் மணி…"

"ஓம் வாப்பா, நான்தான் வெச்ச. நீங்க வழக்கம் போல மறந்துட்டுப் போகப் பாத்தீங்க. நல்ல வேளை, நான் ஒருக்கா அறையப் பாத்தன். ஆணியெல்லாம் புடுங்கி, ஓட்டைக்குப் பூச்சும் வெச்சாச்சி. பெயின்ற்காரன்ட கையில அது அம்பிட்டிருந்தா என்ன கதி?"

சுரண்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நிஸ்றா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"மறந்ததுதானே வாப்பா? வேணுமெண்டு விட்டுட்டுப் போகல்லயே?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அழுதிருப்பாள், அறையை எனக்கே விட்டுவிடச் சொல்லி மகளோடு சண்டைக்கும் போயிருப்பாள். கலியாணத்துக்குச் சொல்லி முடித்த வீடு. கேட்டு வாங்குகிற ஆணியில் அந்த மணி எப்படித் தொங்கும்?

"ஓம் மகள்," என்றேன். "மறந்துதான் போயிட்டன்."

"அதான் நினச்சன். அது உங்கட முதுகோடயே இரிக்கட்டும் வாப்பா. இனி ஒரு இடத்திலயும் விடுபடாது."

கலியாணத்துக்கு முதல்நாள் ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துதான் போனது. சனம் நெருக்கியதால் நின்றுகொண்டு வந்தேன். இவ்வளவு பாரத்துக்கும் தோள் வலிக்கவில்லை, சும்மா சொல்லக்கூடாது, நான் சுமந்ததிலேயே சுகமான பேக் இதுதான். வலைத்துணிக்கும் பஞ்சுக்கும் உள்ளேயிருந்து அந்த மணி மட்டும் நடுமுதுகில் குத்திக்கொண்டு வந்தது. முன் பொக்கட்டுக்கு மாற்றியிருந்தால் குத்தாது. நான் மாற்றவில்லை.

வீடு நிறையச் சனம். பந்தலுக்குள் பாஹிம் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தறைக்கு இளம்பச்சை அடித்து, புதுக் கட்டில் போட்டு, கதவில் பூமாலை கட்டியிருந்தார்கள். யாரும் பார்க்காத நேரமாய் உள்ளே போய்ச் சுவரைத் தடவினேன். கை வைத்த இடமெல்லாம் ஒரே வழவழப்பு. ஆணி இருந்த இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது நுஸ்ரா மருதோன்றிக் கையோடு ஓடிவந்தாள். கை படாமல் முழங்கையால் என் பேக்கின் பட்டியைக் கழற்றப் பார்த்தாள். பாவம், கலியாணப் பெண், எனக்காக இரக்கப்பட அவளுக்கு நேரம் கிடைத்தது.

"கழட்டுங்க மூத்தாப்பா, எவ்வளவு நேரம் சுமப்பீங்க. இத எங்க வெக்கிற?"

நான் அந்த வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன். பிள்ளைகள் பிறந்த வீடு, றஸீனாவின் ஜனாசா போன வீடு.

"வாசலுக்கிட்டயே வை புள்ள," என்றேன். "போகக்குள்ள எடுக்க லேசு."