பதினொன்றரைக் கிலோ

ஜவாத் நானாவின் கடையில் அன்று நடந்தது சைக்கிள் வியாபாரமா, பளுதூக்கும் போட்டியா என்று பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. சிபானா வந்தாள், ஸலாம் சொன்னாள். விலை கேட்கவில்லை, நிறம் பார்க்கவில்லை. முதலாவதாக நின்ற சைக்கிளின் நடுச்சட்டத்தில் வலது கையைப் போட்டு ஒரே இழுப்பில் தூக்கப் பார்த்தாள். முன்சில்லு மட்டும் எழும்பியது. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். இடது கை கறுப்பு அபாயாவுக்குள் மடங்கிக் கிடந்தது.

நாலாவது சைக்கிளிலும் அவள் கை வைத்தபோது ஜவாத் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. கல்முனையில் இருபது வருடமாகச் சைக்கிள் விற்கிற மனிசன் அவர்.

"தங்கச்சி, நீங்க சைக்கிள்ல போகப் போறீங்களா, சைக்கிள் உங்கள்ல போகப் போகுதா?"

"தூக்க ஏலுமான ஒண்டு வேணும் நானா. ஒத்தக் கையால."

"அது என்னத்துக்கு?"

"வீட்டுல படி இரிக்கி. ஏழு படி."

ஏழு படி இருந்தது உண்மைதான். சுனாமிக்குப் பிறகு அவளுடைய வாப்பா மருதமுனையில் அந்த வீட்டை உயர்த்திக் கட்டி மகளுக்குச் சீதனமாக எழுதினார். இந்தக் கரையில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, புருஷன்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அவளுடைய புருஷன் மிஹ்லாரும் அப்படித்தான் ஒரேயொரு உடுப்புப் பையோடு வந்தான். வந்து ஒன்பது வருடத்தில் வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருந்தது சிபானாவின் பெயர், சாவி இருந்தது மிஹ்லாரின் இடுப்பில்.

அவள் கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து விற்கிற வேலை செய்தாள். கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் அவன் மோட்டர் சைக்கிளில்தான். பஸ்ஸில் ஏறக்கூடாது, ஆட்டோவில் ஏறக்கூடாது. பாமசி ஆறு மணிக்கு மூடும், அவன் ஏழு மணிக்கு வருவான். வந்துவிட்டு, "ஒரு மணித்தியாலம் றோட்டுல நிண்டு ஆருக்குக் காட்டின?" என்று வீட்டில் அடிப்பான். நியாயத்தைப் பாருங்கள்! காலையில் அவன் எழும்பாத நாளில் அவளுக்கு வேலையும் பிந்தும். இனிமேல் பிந்தினால் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலையும் போனால் அந்த வீட்டைவிட்டு வெளியே போக அவளுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. அவனுக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

முதலாளி சொன்னதை அவனிடம் சொன்ன அன்று, அறைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் அவளுடைய இடது கையைப் பிடித்து வைத்துக் கதவைச் சாத்தினான். முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்றாள். எலும்பு பொருந்தியது, பலம் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே அவளுடைய போன் கிணற்றுக்குள் போயிருந்தது, தையல் மெஷின் சுவரில் மோதி இரண்டாகியிருந்தது. சைக்கிளைக் கீழே விட்டால் அதுவும் விடியுமுன் செத்துப்போகும். ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளறையில் வைத்துப் பூட்டவேண்டும். இதையெல்லாம் ஒரு கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

ஜவாத் நானா அதற்குமேல் கேட்கவில்லை. மடங்கிக் கிடந்த கையை ஒருமுறை பார்த்தார். பிறகு கடையின் பின்பக்கம் போய் ஒரு பழைய நீலச் சைக்கிளை உருட்டி வந்தார். ஜப்பானில் ஓடி ஓய்ந்து கப்பலில் வந்தது.

"இது அலுமினியம். மற்றதெல்லாம் இரும்பு. கியர் இல்ல. கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவுல மலையா இரிக்கி, கியர் போட்டு ஏற? கியர் இல்லாட்டி விலையும் குறையும், பாரமும் குறையும். செயினுக்கு மூடி இரிக்கி, அபாயா மாட்டாது. ஏறி இருங்க பாப்பம். கால் ரெண்டும் நிலத்துல படணும், புதுசா ஓடுறவங்களுக்கு அதுதான் முக்கியம்."

பட்டது. இறங்கித் தூக்கினாள். எழும்பியது, ஆனால் மூன்றாவது படியில் கைவிட்டுவிடும் என்று தெரிந்தது.

"இன்னும் குறையுமா நானா?"

அவர் ஸ்பேனர்களை எடுத்து உட்கார்ந்தார். கூடையைக் கழற்றினார், கரியரைக் கழற்றினார், ஸ்டேண்டையும் கழற்றினார். அடுத்த கடையில் தொங்குகிற தராசில் சைக்கிளைக் கொழுவிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார். "பதினொண்டரைக் கிலோ! ரெண்டு வயசுப் புள்ளைட பாரம்!"

அவள் சம்பளத்தில் ஒளித்துச் சேர்த்திருந்த முப்பத்தையாயிரத்துக்குள் அது அடங்கியது. கழற்றிய சாமான்களை ஒரு உரப்பையில் போட்டு அவள் பெயரை எழுதி மேல்தட்டில் வைத்தார். "உங்கட சாமான் இஞ்சதான் இரிக்கும். வேணுமெண்டா வாங்க."

பாமசியில் கூட வேலை செய்கிற மருதமுனை றாபியா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்வளவில் வைத்து அவளுக்கு ஓடப் பழக்கினாள். அதுவரை சைக்கிள் அங்கேயே நின்றது. சிபானா விழுந்தாள். மதிலில் மோதினாள், தென்னையில் மோதினாள், ஒருநாள் றாபியாவிலேயே மோதி இரண்டு பேரும் உருண்டார்கள். முழங்கால் தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. அவளுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. எங்கே அடிபட்டது என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடிய காயம் இத்தனை வருடத்தில் இதுதான் முதல்.

பத்தாம் நாள் சைக்கிளிலேயே வீட்டுக்கு வந்தாள். மிஹ்லார் வாசலில் நின்றான். அவள் சட்டத்தைத் தோளில் போட்டு ஏழு படியும் ஏறி, அவனைத் தாண்டிப் போய் உள்ளறையில் வைத்து, தான் புதிதாக வாங்கிய பூட்டால் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டாள். அன்றைய அடியில் அவளுடைய காது ஒருநாள் முழுக்க இரைந்தது. மறுநாள் ஏழரைக்கெல்லாம் பாமசியில் நின்றாள். அடி ஓயவில்லை, அவளும் ஓயவில்லை, இரண்டு கிழமை ஒருநாளும் பிந்தவில்லை.

மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமை, பாமசிக்கு லீவு நாள், அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. மிஹ்லார் குழி தோண்டுகிற அலவாங்கை வைத்து அறைப் பூட்டைக் கதவோடு பெயர்த்திருந்தான். அவள் ஓடி வருவதற்குள் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கியிருந்தான். பாரம் குறைந்தது அவளுக்கு மட்டுமா குறைந்தது? இரும்புச் சைக்கிளாக இருந்திருந்தால் அந்த நாயின் இடுப்பு முறிந்திருக்கும்.

ஏழாவது படியிலிருந்து எறிந்தான். கீழே இறங்கி அலவாங்கால் சில்லில் அடித்தான். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. தடுக்கப்போனவளைப் புறங்கையால் அறைந்தான், அவள் படியில் மோதி விழுந்தாள், வாய்க்குள் இரத்தம் உப்பாகக் கரித்தது.

"இனிப் போ, பாப்பம்!" என்றான்.

பிறகு என்ன செய்தான் தெரியுமா? குளித்தான். வெள்ளை ஜுப்பா போட்டான், அத்தர் பூசினான். பள்ளியில் குத்பாப் பிரசங்கத்துக்கு முதல் வரிசையில் இடம் பிடிக்கவேண்டுமே!

சிபானா படியில் இருந்து சைக்கிளைப் பார்த்தாள். முன்சில்லு அப்பளம் பொரிந்ததுபோல் வளைந்திருந்தது. தொழுகை முடிகிற நேரம் வரை இருந்தாள். பிறகு எழும்பி, அபாயாவைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துத் தெருவில் இறங்கினாள்.

ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும்போது அவள் பள்ளிவாசல் கேற்றடியில் நின்றாள். பத்துப் பேர், இருபது பேர், நாற்பது பேர் என்று கூடிவிட்டார்கள்.

"அல்லாஹ்வே, என்ன புள்ள இது? லொறி அடிச்சதா?"

"நல்ல சைக்கிள் போல கிடக்கே! ஆர் இப்பிடிச் செஞ்ச?"

ஒன்பது வருடம் மதிலுக்கு அந்தப் பக்கம் அலறலைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ற சனம், ஒரு வளைந்த சில்லுக்காகத் துடித்துப்போனது.

"என்ட புருஷன்" என்றாள் சிபானா.

அவள் இடது கையின் அபாயாவைப் பல்லால் கடித்து மேலே இழுத்தாள். கோணலாகப் பொருந்திய மணிக்கட்டையும் அதற்குமேல் மஞ்சளும் ஊதாவுமாகக் கிடந்த அடையாளங்களையும் எல்லோரும் பார்த்தார்கள். "இதையும் அவருதான் செஞ்ச. குளியலறையில விழல்ல நான்."

மிஹ்லார் கூட்டத்தைப் பிளந்து வந்தான். முகத்தில் சிரிப்பு, அத்தர் மணம்.

"இவக்குத் தலைக்குச் சரியில்ல. மருந்து எடுக்கிறா" என்று சனத்துக்குச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "வா, வீட்ட போவம்."

சொல்லிக்கொண்டே அந்த மணிக்கட்டைப் பிடித்தான். முறிந்த இடத்திலேயே பெருவிரலை வைத்து அழுத்தினான். சிரிப்பு மாறவில்லை.

சிபானாவின் வலது கைக்குச் சட்டம் பழகிப்போயிருந்தது. மூன்று கிழமை தூக்கிய பாரம். ஒரு சுழற்றுத்தான். பெடல் அவன் நெற்றியில் இறங்கியது, உடைந்த கம்பிகள் கன்னத்தைக் கிழித்தன. மிஹ்லார் கேற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வெள்ளை ஜுப்பாவில் இரத்தம் கொட்டியது. எழும்பி அவளை அடிக்கக் கையை ஓங்கியவன் சுற்றிவரப் பார்த்தான், தன் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று. ஒருவரும் அசையவில்லை.

"என்ட வீட்டுச் சாவியத் தாங்க" என்றாள். சைக்கிளை அவள் விடவில்லை.

சிபானாவின் தாய்வழிக் குடிக்குத் தலைவராக, மரைக்காராகப் பள்ளி நிருவாகத்தில் இருக்கிற மீராசாஹிபு முன்னால் வந்தார். அவருடைய வீடு அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"குடு மிஹ்லார். வீடு அவட" என்றார்.

"இத்தன நாளும் அது உங்களுக்குத் தெரியாதா?" என்று சிபானா கேட்டாள்.

மிஹ்லார் எறிந்த சாவி மண்ணில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். அங்கிருந்து நேரே பொலிஸுக்குப் போனாள், செய்தி கேட்டு றாபியா ஓடிவந்து கூடப் போனாள். அன்று பின்னேரம் மிஹ்லாரின் தம்பி வந்து அவனுடைய உடுப்புப் பையை எடுத்துப் போனான். வந்த அதே பை.

சனிக்கிழமை அவள் நடந்தே கல்முனைக்குப் போனாள், தோளில் சைக்கிளோடு. பாமசிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மதியம் ஜவாத் நானா சில்லை மாற்றி, ஹேண்டிலை நிமிர்த்தி, பெடலில் காய்ந்து கிடந்ததை ஒரு துணியால் துடைத்தார். அது என்ன என்று அவர் கேட்கவில்லை, ஊரே கதைத்துக்கொண்டிருந்தது.

"நானா, என்ட சாமான் இரிக்கா?"

அவர் உரப்பையை இறக்கினார்.

"கூடையப் போடுங்க. கரியரையும் போடுங்க. ஸ்டேண்டும் வேணும்."

"பாரம் கூடுமே தங்கச்சி. ஏழு படிய எப்பிடி ஏறுற?"

"கூடினாக் கூடட்டும்" என்றாள் சிபானா. "இனி அது கீழயே நிக்கும்."