எண்பத்தெட்டு மார்க்

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதரை நாலு மாடியும் படியேற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மருந்துப் பையோடு பின்னால் ஏறிய மனைவிக்கு அழுகைக்கு முன் எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருந்தபோதும் இவர் எதையும் சுலபமாக முடிய விட்டதில்லை.

கூடத்தில் கிடத்தியதும் நாத்தனார் ஆரம்பித்தாள். மூத்திரப்பையில் கட்டி என்று தெரிந்த அன்றே வெட்டி எடுத்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான், முதலில் கீமோ கொடுக்கலாம் என்று எவன் சொன்னான் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். சொன்னது ஒரு கம்ப்யூட்டர்.

ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோ யாருக்கு வேலை செய்யும் என்று கட்டியின் துணுக்கை வைத்துக் கம்ப்யூட்டரே கணிக்கும் ஆராய்ச்சி அது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி நடத்தியது. இவருக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு வாய்ப்பு என்று வந்தது. சூப்பர்வைசர் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கோட்டைவிட்டவர். வாழ்நாளில் நாற்பதைத் தாண்டாதவர். வாட்ச்மேன், பால்காரர், எதிர்வீட்டு டீச்சர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தார். அது மார்க் இல்லை என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நாலு தவணையில் இரண்டு ஏறியபின் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கடுகளவும் குறையவில்லை. கீமோவை நிறுத்திவிட்டு உடனே மூத்திரப்பையை எடுத்துவிடலாம் என்றார், வேறொரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டாக்டர். இவர் மாட்டேன் என்றார். இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி இருக்கிறதாம். அவள் கத்தினாள், கெஞ்சினாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாள். ஆறு வாரம் போயிற்று. பிறகு வயிற்றைத் திறந்தவர்கள், எங்கும் பரவிவிட்டது என்று அப்படியே மூடிவிட்டார்கள். அந்த ஆறு வாரத்துக்காக அவளால் அவரை மன்னிக்க முடியவில்லை. இப்போதும்தான்.

ஆராய்ச்சிக்காரர்கள் போனில் விசாரிக்கும்போதெல்லாம் நன்றாகக் குறைகிறது என்று புளுகுவார். ரிப்போர்ட்டை மட்டும் அனுப்ப மாட்டார். நேற்று மாலை கடைசியாகப் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"அவங்க கேட்டா மருந்து வேலை செஞ்சுதுன்னு சொல்லிடு. இதுலயும் ஃபெயில்னு எழுத விட்டுடாத."

சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

பதினொரு மணிக்கு மருந்துப் பையிலிருந்த அவருடைய போன் அடித்தது. சமையலறைக்குப் போய் எடுத்தாள். ஆராய்ச்சியிலிருந்து ஒரு பெண், சாரிடம் பேச வேண்டும் என்றாள். காலையில் போய்விட்டார் என்று இவள் சொன்னாள். அந்தப் பெண் தடுமாறி மன்னிப்புக் கேட்டு, பிறகு கூப்பிடுவதாகச் சொன்னாள்.

"இரும்மா. இந்தக் கணக்க வச்சு இன்னிக்கும் யாருக்காவது எண்பத்தெட்டுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்மா. தினமும் ஆளுங்க வராங்க."

கூடத்தில் நாத்தனாரின் குரல் கேட்டது. இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டுப் போன மனிதர் மேல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"அப்ப எழுதிக்கோ. மருந்து வேலை செய்யல. துளிகூட. ரிப்போர்ட்ட நான் அனுப்பறேன்."

அந்தப் பெண் எழுதிக்கொள்வது கேட்டது. பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"எண்பதுக்கு மேல வந்த முப்பது பேர்ல, வேலை செய்யாமப் போனது இவர் ஒருத்தருக்குத்தாம்மா."

முப்பது பேரில் ஒருவர். இதைக் கேட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது, சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன்வரை போய்விடும் என்று நினைத்தாள். போனை வைத்துவிட்டு, அவரிடம் சொல்வதற்காக விறுவிறுவென்று கூடத்து வாசல்வரை வந்தாள்.

நாத்தனார் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.