ஒப்புதல் பெற்ற உரையாடல்

சித்ரலேகாவின் யூடியூப் சேனலுக்கு அறிஞர்கள் ஆசையாக வந்து பேசியதற்கு ஒரே காரணம், அவள் யார் பேச்சையும் வெட்டித் திரிக்க மாட்டாள் என்பதுதான். பதிவு முடிந்ததும் முழுசாக அவர்களுக்கே அனுப்பிவிடுவாள். அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே வரும். ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் இதைக் கேமராவைப் பார்த்துச் சொல்லவும் செய்வாள். டி.வி.க்காரர்கள் வாயில் வந்ததை மாற்றிப் போட்டு அசிங்கப்படுத்திய பெரிய மனிதர்களுக்கெல்லாம் இது தேனாக இனித்தது. திருநெல்வேலி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தாலும் சரி, கோயிலுக்கு வந்தாலும் சரி, பேட்டையில் ரசீத்தின் ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு மணி நேரம் ஜனநாயகம் பேசிவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள்.

ரசீத் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவள்மேல் உள்ள மரியாதையில் இதைச் சும்மா எடுத்துக் கொடுத்தார்.

சித்ரலேகாவுக்கு வேலை, வள்ளியூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடம் எடுப்பது. கௌரவ விரிவுரையாளர். கௌரவத்தைப் பெயரில் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள், பாவிகள். ஏப்ரலில் போகச் சொல்வார்கள், ஜூனில் வரச் சொல்வார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் நிரந்தர வேலைக்கு ஒரு நேர்காணல் நடந்தது. அதில் அவள் தேறவில்லை. கூட்டாட்சி பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் தடுமாறினோமே, அதனால்தான் போச்சு என்று அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அதையே நினைத்து நினைத்துக் குமைந்தாள். வீட்டிலும் ஊரிலும், ‘படிச்சா மட்டும் போதுமா, சாமர்த்தியம் வேணும்லா’ என்று ஆளாளுக்குக் குத்திக்காட்டினார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை.

அந்த நேர்காணலில் நிபுணராக உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் குமரகுருபரன். அவளுக்கு எம்.ஏ.வில் பாடம் எடுத்தவர். பிறகு டெல்லிக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டார். உலகத்தில் எந்த மூலையில் எந்தத் தேர்தல் நடந்தாலும் அது நியாயமா இல்லையா என்று சொல்ல அவரைத்தான் கூப்பிட்டார்கள். இந்தப் பங்குனியில் குலதெய்வம் கும்பிட ஊருக்கு வந்தவர், அவள் கேட்டதும் மறுக்காமல் பேட்டைக்கு வந்தார்.

அன்றைக்கு மனிதர் அருவியாகக் கொட்டினார். ஏரல் வாழைத்தாருக்கு விலை ஏன் விழுகிறது என்று தொடங்கி, அமெரிக்கா போடுகிற வரி, இலங்கைக் கடலில் பிடிபடுகிற மீனவர், நம் வெளியுறவுக் கொள்கையின் குழப்பம் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் பேசிக்கொண்டே போனார். ஜனநாயகம் என்றால் ஓட்டுப் பெட்டி மட்டுமல்ல, நிறுவனங்கள் நேர்மையாக நடப்பதுதான் என்றார். சித்ரலேகா உடனே, நம் கல்லூரிகளில் ஆள் எடுப்பது நேர்மையாக நடக்கிறதா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

“எங்கம்மா நடக்கு? நிபுணர்னு நம்மளக் கூப்பிடுவாங்க. நாம போறதுக்கு முன்னாலயே பேரு முடிவாயிருக்கும். சாப்பிட்டுட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வருவோம்.”

அடுத்து அவள் கேட்டது அவள் தயாரித்து வந்த கேள்வி இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“எனக்கும் அப்படித்தானா சார்?”

“ஒனக்கும் அப்படித்தாம்மா. அன்னைக்கு வந்ததுலயே நீதான் நல்லாச் செஞ்ச. மேல இருந்து வேற பேரு வந்துட்டு. நாங்க என்ன செய்ய?”

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். வெயில் அதிகம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சித்ரலேகா பதிவை எப்படியோ முடித்து, அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஸ்டுடியோவின் பின்கட்டில் போய் நின்று அழுதாள். கோபத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. தன்மேல் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷிக்கு இத்தனை வருஷமா ஆக வேண்டும்? இனி ஊரே கேட்கட்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு வாக்கியம் வெளியே வந்தால் போதும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வழக்கம்போலப் பதிவை அவருக்கு அனுப்பினாள். வேறு யாராவது என்றால் அனுப்பியிருப்பார்களா? இவள் அனுப்பினாள்.

மறுநாளே பேராசிரியர் போன் செய்தார். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இருக்கிறதே, அதை வைத்துத் தனியாக ஒரு வகுப்பே எடுக்கலாம். நிறுவனங்கள்மேல் மக்களுக்கு நம்பிக்கை போனால் சர்வாதிகாரம் வந்துவிடுமாம். திறமைக்கான சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் காலம் எடுக்குமாம். வெளிநாட்டில் நம் பல்கலைக்கழகங்களின் மானம் போய்விடுமாம். தான் சொன்ன ஒரு உண்மையைத் தானே விழுங்குவதற்கு ஜனநாயகம், பொருளாதாரம், வெளியுறவு மூன்றையும் துணைக்கு அழைத்துக்கொண்டார் மனிதர். சித்ரலேகா முடியாது என்றாள். அப்படியானால் மொத்தப் பதிவுக்குமே தன் ஒப்புதல் இல்லை என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஒங்க காலேஜ்ல இந்த வருஷம் நிரந்தர எடம் போடுதாங்கம்மா. குழுவுல நான் இருக்கேன். நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்.”

அவள் போனை வைத்தாள்.

ரசீத்துக்கு விஷயம் தெரிந்ததும் கொதித்துப்போனார். “அவரு வாயால சொன்னதுதான டீச்சர்? அப்படியே போட்டுருவோம். என்ன செஞ்சிருவாரு?” என்றார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் அண்ணே, அதை மீறினால் எனக்கும் டி.வி.க்காரர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றாள் சித்ரலேகா. உண்மைதான். ஆனால் பாதி உண்மை. வேலைக்கான வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. எந்த ஒரு வார்த்தை அவள் வாழ்க்கையைக் கெடுத்ததோ, அதே மாதிரி ஒரு வார்த்தைக்காக இப்போது அவளும் காத்திருந்தாள். அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டே ரசீத்தைத் தன் கண் முன்னால் அந்தப் பகுதியை அழிக்கச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழித்தார்.

அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுக்கப் பேராசிரியர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்தார். கல்லூரிகளில் ஆள் எடுப்பது பற்றி அவள் அதே கேள்வியைக் கேட்டாள். குறைகள் இருக்கலாம், ஆனால் தகுதி உள்ளவர்களுக்கு உரிய இடம் ஒருநாளும் கிடைக்காமல் போகாது, பொறுமைதான் ஜனநாயகம் என்று அவர் பேசினார். நடுவில் நிறுத்தி, “கொஞ்சம் தலையாட்டும்மா. இல்லைன்னா நான் செவுத்துக்கிட்டப் பேசுத மாதிரி இருக்கு” என்றார்.

சித்ரலேகா தலையாட்டினாள்.

அவள் போட்ட உரையாடல்களிலேயே இதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். ‘எவ்வளவு துணிச்சலான கேள்வி’ என்று பாராட்டு குவிந்தது.

வைகாசியில் நேர்காணல் நடந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். எதிலும் தடுமாறவில்லை. பேராசிரியர் அவளைப் பார்த்துப் புன்னகைக்கவும் செய்தார். வேலை, கல்லூரிச் செயலர் அம்மையப்பனின் மைத்துனர் மகளுக்குக் கிடைத்தது. சித்ரலேகா குமரகுருபரனுக்குப் போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. ஏதோ ஒரு நாட்டில் தேர்தலைப் பார்வையிடப் போயிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

மனசு கேட்காமல் நேராக அம்மையப்பன் அறைக்கே போனாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்த நாடகம் என்றாள். குழுவில் இருந்தவரே தன்னிடம் அப்படிச் சொன்னார் என்றாள்.

அம்மையப்பன் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். பிறகு போனை எடுத்து, அந்த உரையாடலைப் போட்டு, தேடிப் பிடித்து ஓடவிட்டார். தகுதி உள்ளவர்களுக்கு உரிய இடம் ஒருநாளும் கிடைக்காமல் போகாது என்றது பேராசிரியரின் குரல்.

“சார் இப்படித்தான சொல்லியிருக்காரு? வேற என்னத்தச் சொன்னாரு?” என்று கேட்டார். போனை அவள் பக்கம் திருப்பினார். “இங்கன தலையாட்டுதது நீங்கதானம்மா?”

சித்ரலேகா திரையைப் பார்த்தாள்.

“ஆமா அண்ணாச்சி, நான்தான்” என்றாள்.