மூன்றாம் மாடியின் மின்சாரம்

திறந்த புதிதில் அந்த வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. பிறகு நகரத்தின் மறுபக்கம் இன்னொன்று வந்தது. போதாக்குறைக்கு ஜனங்கள் கைப்பேசியிலேயே வாங்கப் பழகிவிட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. கண்ணாடிக் கூரை ஒழுகிய இடங்களில் வாளி வைத்தார்கள். மேனேஜர் காலையில் சுற்றி வரும்போது அவருடைய செருப்புச் சத்தமே அவரைத் துரத்தியது.

மூன்றாம் மாடியில் மட்டும் பேச்சும் சிரிப்பும் கேட்கும். அங்கே பெண்களுக்கு முடிவெட்டும் கடை நடத்தியவள் மேனேஜரின் சொந்த அக்கா.

வளாகத்தின் முதலாளி கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மேல்மாடிகளை ஒரு மருத்துவமனைக்கு விடுவது. அதற்கு மூன்றாம் மாடியின் வயர், குழாய் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். மற்றவர்கள் காலி செய்தார்கள். அக்கா அசையவில்லை.

“எங்க போகச் சொல்றே? அதைச் சொல்லு, போறேன்.”

தம்பி மாதக் கடைசிவரை கெடு கொடுத்துவிட்டு இறங்கிவந்தார்.

கெடு முடிந்த அன்று காலை முதலாளி போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இன்னிக்கு வேலை ஆரம்பிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்காரங்க கைகழுவிடுவாங்க. மூணாவது மாடி கரண்ட் மெயினை இறக்குங்க. உங்க அக்காவுக்காக மொத்தக் கட்டடமும் சாகணுமா?”

மேலே போய் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மேனேஜர் லிஃப்ட் வரை போனார். பொத்தானை அழுத்தவில்லை. திரும்பி அடித்தளத்து மின் அறைக்குப் போய், மூன்றாம் மாடியின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

தரைத்தளத்துக்கு ஏறி வந்தபோது மேலேயிருந்து ஒரு பெண்ணின் அலறல். அவர் மூச்சிரைக்க ஓடினார். ஜன்னலில்லாத கடை கும்மிருட்டாக இருந்தது. நாற்காலியில் ஒரு பெண், தலை நிறையச் சாயம். “எரியுது, எரியுது” என்று துடித்தாள். அந்த மாடியின் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிட்டதால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா குடிதண்ணீர் கேனைத் தூக்கி அவள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மெயினைப் போட்டுட்டு வர்றேன்” என்று திரும்பினார்.

“அதுக்கெல்லாம் நேரமில்ல” என்றாள் அக்கா. “உங்க போன் வெளிச்சத்தை இந்தப் பக்கம் பிடிங்க, சார்.”

அந்த ‘சார்’ அவர் நெஞ்சில் தைத்தது. போனை உயர்த்திப் பிடித்தார். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்குக் காதோரம் சிவந்ததோடு போயிற்று. அக்கா அன்று மதியமே சாமானைக் கட்டினாள். நாற்காலியின் மறுமுனையைத் தூக்க அவர் குனிந்தார். அவள் காவலாளியைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

மருத்துவமனை வந்தது. டாக்டருக்காகக் காத்திருந்தவர்கள் கீழே இறங்கி டீ குடித்தார்கள், துணி பார்த்தார்கள், பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கினார்கள். மூடிய ஷட்டர்கள் ஏறின. இடம் கேட்டு மேனேஜரின் அறைவாசலில் வரிசை நின்றது. அக்கா ஒரு சந்தில் சின்னதாகக் கடை போட்டாள். ஆனால் வீட்டு விசேஷங்களுக்கு அவள் வீட்டுக்காரர் மட்டும்தான் வந்தார். “அவளுக்குக் கடையில கூட்டம்” என்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

முன்வாசலுக்குப் பக்கத்துக் கடை காலியானது. மேனேஜர் முதலாளியோடு மல்லுக்கட்டி அதை வேறு யாருக்கும் விடாமல் நிறுத்திவைத்தார். சாவியோடு அக்காவின் சந்துக் கடைக்குப் போனார்.

“வாசல் கடை, அக்கா. உனக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன்.”

கத்தரி நிற்கவில்லை. “அன்னிக்கு ஏன்டா மேல வரல?”

“முதலாளி அவசரப்படுத்தினாரு...”

“அவரை விடு. நீ ஏன் வரல? மூஞ்சியைப் பாத்து எழுந்திருன்னு சொல்லியிருந்தா, திட்டிக்கிட்டாவது எழுந்திருப்பேன்.”

நாற்காலியில் இருந்தவள் மூச்சுவிடாமல் கண்ணாடியில் இருவரையும் பார்த்தாள்.

“உன் மூஞ்சியைப் பாத்திருந்தா என்னால மெயினை இறக்கியிருக்க முடியாது” என்றார். “கட்டடத்தை இழுத்து மூடியிருப்பாங்க.”

கத்தரி நின்றது. “அப்ப, நான் இருட்டுல நின்னதாலதான் அத்தனை பேரும் பிழைக்கிறாங்களா?”

“ஆமாக்கா.”

அக்கா துணியிலிருந்து முடியை உதறினாள்.

“சாவியை வச்சிட்டுப் போ. வாடகையை உங்கிட்ட பேச மாட்டேன். உன் முதலாளியை வரச் சொல்லு.”

முதலாளி வந்தார். கையிலிருந்த வேலையை முடிக்கும்வரை அக்கா அவரை நிற்கவைத்தாள். பிறகு பேசிப் பேசியே வாடகையைக் குறைக்கவைத்தாள்.

புதுக் கடை திறந்த அன்று உள்ளே நெரிசல். போவதா வேண்டாமா என்று மேனேஜர் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வர்றதுன்னா வா” என்றது அக்காவின் குரல். “வழியை மறைக்காத.”